குனியாதே என்றவர்கள்

17

காலை ஆறே முக்காலுக்குப் புஷ்பா குனிந்து, அடுப்படியில் விழுந்து கிடந்த கரண்டியை எடுத்தாள். நடந்தது அவ்வளவுதான்.

"குனியாதே!"

குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்த திவாகரன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிச் சிங்க்கில் போட்டான்.

"கூப்பிட்டா வந்து எடுத்துத் தரமாட்டேனா?"

"கரண்டிங்க. ஒரு கரண்டி."

"அன்னிக்கும் ஒரே ஒரு கார்ட்டன்தான்."



அந்த ஒரே ஒரு கார்ட்டன் விழுந்தது மார்ச் மாதத்தில். சுங்கை சோவிலுள்ள சோஸ் தொழிற்சாலையில் மூன்றாம் லைன். தரையோடு கிடந்த, பெட்டி அடுக்கும் மரப் பேலட்டிலிருந்து பன்னிரண்டு புட்டிகள் அடங்கிய பெட்டியைத் தூக்கித் திரும்பியவள், அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். இடுப்பில் ஏதோ வெட்டி இழுத்தது. அந்த வலி இடது கால் கட்டைவிரல் வரை ஓடிற்று.

இது ஏழாவது மாதம். முதல் இரண்டு மாதம் கூரையைப் பார்த்தே போனது. உருட் போட்டு நீவிவிடுகிறவர் ஒருவரிடம் போய் வந்து இன்னும் மோசமானது. ஸ்கேனில் எலும்புக்கு நடுவிலுள்ள தட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. தனியார் டாக்டர் ஒருவர் ஆப்பரேஷன் என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து திவாகரன் அவளை எதையும் தொட விடவில்லை. கூட்டுவது, துவைப்பது, பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்குவது எல்லாம் அவன்தான். நாள் முழுக்க அரிசி லோரி ஓட்டிவிட்டு வந்து, அவள் காலுக்குச் சப்பாத்தும் மாட்டிவிட்டான். புக்கிட் செந்தோசாவில் அந்த வரிசை வீட்டுப் பெண்கள், இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள்.

புஷ்பாவுக்கு மூச்சு முட்டியது.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் இயன்முறை சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தபோது அதை அவனிடம் சொல்லவில்லை. மகள் விஷாலினிதான் வேலைக்குப் போகிற வழியில் வாரம் ஒரு நாள் காரில் கொண்டுபோய் விட்டாள். பதினொரு வாரம் அப்படி ஓடியது. போன வாரம் அலமாரியில் துணிக்கடியில் இருந்த பச்சை ரப்பர் பட்டை திவாகரன் கையில் அகப்பட்டது. உடற்பயிற்சியா, அதுவும் உடைந்த முதுகை வைத்துக்கொண்டா என்று கேட்டான். அதன்பின் மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

இன்று பதினொரு மணிக்குத் தொழிற்சாலையில் அவளை வரச் சொல்லியிருந்தார்கள்.

"போகாதே," என்றான் திவாகரன். சட்டையை மாட்டிக்கொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஏன் போகக்கூடாது?"

"என்ன புஷ்பா, மறுபடியும் அதே லைன்ல போய் நிக்கப் போறியா? நான் சம்பாதிக்கறேன், விஷா சம்பாதிக்கறா. நீ வீட்ல இரு."

"இருந்து?"

"ரெஸ்ட் எடு."

"ஏழு மாசமா ரெஸ்ட்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்! இன்னும் எவ்வளவு எடுக்கறது? நான் என்ன..."

பேசிக்கொண்டே விருட்டென்று திரும்பினாள். அந்த நொடியில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தியா!" திவாகரனின் குரல் உடைந்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல!"

ஓடிப்போய், அவளுக்கென்று வாங்கி வைத்திருந்த இடுப்பு பெல்ட்டைக் கொண்டு வந்தான். அகலமானது, உள்ளே கம்பி வைத்தது. இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றான்.

புஷ்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே தெரிந்தது. மெதுவாக வெளியே விட்டாள். இன்னொரு தடவை. கால்களைக் கொஞ்சம் அகட்டி, எடையை இடதும் வலதுமாக மாற்றினாள்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"பெல்ட் வேணாங்க. இப்ப விட்டுரும்."

மாடிப்படியில் இறங்கி வந்த விஷாலினி இருவரையும் பார்த்தாள். கையில் கார் சாவி. "ப்பா, விடுங்க லா. அம்மாக்கு எய்ட் தர்ட்டிக்கு அப்பாயின்ட்மென்ட்."

"எல்லாம் உன்னாலதான். உங்கம்மாவை ஒரு நாள் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வருவாங்க. அன்னிக்குத் தெரியும் உனக்கு."

"ஏன்ப்பா எப்பப் பாரு இப்படியே பேசறீங்க?"

அவன் பெல்ட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான். சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. சுங்கை புரோங் அரிசி ஆலைக்கு அவன் எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

*

"உடைஞ்சிருச்சு மிஸ்," என்றாள் புஷ்பா. காரில் வரும்போது அடக்கி வைத்திருந்த அழுகை இங்கே வந்தது. "பதினோரு வாரம் செஞ்சது எல்லாம் போச்சு."

இயன்முறை சிகிச்சையாளர் நவமணிக்கு முப்பது வயதிருக்கும். பதறுகிற ஆளில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு, ஒரு டிஷ்யூவை நீட்டிவிட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல ஏதாச்சும் மாத்தம் இருக்காக்கா? அடக்க முடியாம போறது, வரமாட்டேங்கறது?"

"இல்ல."

"தொடை இடுக்குல, உக்கார்ற இடத்துல மரத்துப் போன மாதிரி?"

"இல்ல."

"கால்ல பலம் கொறைஞ்சிருக்கா?"

கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தாள். குதிகாலில் நடக்கச் சொன்னாள், பிறகு நுனிக்காலில். புஷ்பா நடந்தாள். வலித்தது, ஆனால் நடந்தாள்.

"இதுல எதாவது இருந்திருந்தா நானே உங்களை இப்பவே டாக்டர்கிட்ட அனுப்பிருப்பேன். ஒண்ணும் இல்ல. வலி பத்துக்கு எத்தனை?"

"ஏழு."

"சரி, குப்புறப் படுங்க."

குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சை மட்டும் மெதுவாக உயர்த்தினாள். பத்து முறை. பிறகு மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்கினாள். பிறகு அந்த நீளமான அறையைச் சுற்றி ஐந்து நிமிடம் கையை வீசி நடந்தாள். பக்கத்துப் படுக்கையில் முழங்கால் ஆப்பரேஷன் செய்துகொண்ட சீனப் பாட்டி ஒருவர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இப்ப?"

"நாலு. நாலரை." புஷ்பாவுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உடைஞ்சதுன்னா பத்து நிமிசத்துல எப்படிக் கொறையும்?"

"அதையேதான் நானும் கேக்கறேன்."

புஷ்பா சிரித்துவிட்டாள்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்க தூங்கறது. இன்னிக்கு மீட்டிங்."

"காலைல சண்டையா?"

புஷ்பா கையிலிருந்த டிஷ்யூவை மடித்தாள்.

"முதுகு தனியா இல்லக்கா," என்றாள் நவமணி. "தூக்கமில்லன்னா அதுக்குத் தெரியும். வீட்ல சத்தம் போட்டா அதுக்குக் கேக்கும். மார்ச்ல உங்களுக்குக் காயம் நெசமாவே இருந்தது. அது ஆறி ரொம்ப நாளாச்சு. பயம்தான் இன்னும் ஆறல. உங்களுக்கு மட்டும் சொல்லல, வீட்ல இருக்கறவங்களுக்கும் சேத்துச் சொல்றேன்."

"ஆனா ஸ்கேன்ல தட்டு பிதுங்கியிருக்கே மிஸ்? அவர் அந்தப் படத்தையே பாத்துட்டிருக்காரு."

"உங்க வயசுல வலியே இல்லாதவங்க பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தா, பாதிப் பேருக்கு அந்த மாதிரி ஏதாவது இருக்கும். முகத்துல சுருக்கம் வர்ற மாதிரிதான். படத்தை வெச்சு மட்டும் ஒரு ஆளு என்ன செய்ய முடியும், முடியாதுன்னு சொல்ல முடியாது. அவரை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க. நானே பேசறேன்."

"வரமாட்டாரு."

நவமணி வற்புறுத்தவில்லை. மேசையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். டாக்டரும் கையெழுத்துப் போட்டிருந்தார். புஷ்பா வேலைக்குத் திரும்பலாம். ஆறு வாரத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. இடுப்பு உயரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். மணிக்கொரு முறை நிலையை மாற்ற வேண்டும். பிறகு சோதித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டலாம்.

"இன்னிக்கு வலியோட போகலாமா மிஸ்?"

"வலியோடயும் போகலாம். போய்ட்டு வாங்க."

*

எச்.ஆர். அறையில் கடிதம் தயாராக மேசையில் கிடந்தது. அதன் மேல் ஒரு பேனாவும்.

எச்.ஆர். அதிகாரி புனிதனுக்கு மென்மையான குரல். யாரையும் அதிர்ந்து பேசமாட்டான். அதனாலேயே அவனை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். சுவரோரம் மூன்றாம் லைன் சூப்பர்வைசர் திருச்செல்வம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கக்கா. உங்களுக்கு நிக்க முடியாது."

"நிக்க முடியும். ரொம்ப நேரம் உக்காந்தாத்தான் வலிக்கும்."

அவன் சற்றுத் தடுமாறினான். "கம்பெனி உங்களைக் கஷ்டப்படுத்த நினைக்கல. பத்தொம்பது வருசம் உழைச்சிருக்கீங்க. மரியாதையா வழியனுப்பி வைக்கணும்னுதான்..."

"எங்க வழியனுப்பறீங்க?"

"வீட்டுக்குத்தான்க்கா. உங்க ஹஸ்பண்டே போன வாரம் போன் பண்ணிச் சொல்லிட்டாரே, நீங்க வேலையை விட்டுடறீங்கன்னு."



போன வாரம். அந்தப் பேசாத மூன்று நாட்களில் ஏதோ ஒரு நாள். அவள் முகத்தைப் பார்க்க மறுத்த மனுஷன், இங்கே போன் போட்டு அவளுக்காகப் பேசியிருக்கிறான்.

புஷ்பாவுக்கு முகம் சூடேறியது. அழுகை வரும் என்று பயந்தாள். வரவில்லை. கடிதத்தை எடுத்துப் படித்தாள். மலாயில் எழுதியிருந்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற வரியில் அவள் விரல் நின்றது.

"இது யாரோட சொந்த விருப்பம்?"

புனிதன் திருச்செல்வத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா," என்றார் திருச்செல்வம். "உன் ஒடம்புக்காகத்தான் சொல்றோம்."

"அண்ணே, எனக்கு முன்னால மூணாம் லைன்ல அந்த எடத்துல நின்னது யாரு?"

"அமராவதி."

"ஏன் வேலையை விட்டு நின்னுட்டா?"

அவர் தொப்பியைப் பார்த்தார். "இடுப்பு வலி."

"அதுக்கு முன்னால?"

"சந்திரிகா. ... அவளுக்கும் அதுதான்."

"அவங்களும் சொந்த விருப்பத்துலதான் போனாங்களா?"

புஷ்பா ஆஸ்பத்திரிக் கடிதத்தை மேசையில் வைத்தாள். புனிதன் அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு மடித்தான்.

"பத்து கிலோன்னா எப்படிக்கா? நம்ம கார்ட்டன் பதினாறு கிலோ. சரி, ஃபேரா இருக்கணும்ல. லைனுக்குப் போவோம். ஒரு கார்ட்டன் தூக்கிக் காட்டுங்க. தூக்கிட்டா நான் மேனேஜர்கிட்டப் பேசறேன்."

*

மூன்றாம் லைனில் வேலை நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. எட்டுப் பெண்கள். வரிசைக் கடைசியில் சின்னத்தாய், புஷ்பாவோடு ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள்.

பேலட் தரையில் கிடந்தது. அதன் மேல் ஒரு கார்ட்டன்.

புஷ்பா அதன் முன்னால் நின்றாள். எத்தனை ஆயிரம் தடவை தூக்கிய பெட்டி. இப்போதும் தூக்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி வைத்து, ஒரே மூச்சில். ஆஸ்பத்திரியில் பத்து கிலோ மணல் மூட்டையைத் தூக்கியிருக்கிறாள். கூட ஆறு கிலோ. தூக்கி அவன் மேசையிலேயே கொண்டுபோய் வைத்தால் என்ன? இந்த எட்டுப் பேர் கை தட்டுவார்கள்.

இரண்டு கையையும் பெட்டியின் மேல் வைத்தாள்.

நாளைக் காலை எழுந்திருக்கும்போது இந்தக் கைதட்டலா வந்து தூக்கிவிடப் போகிறது?

கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தூக்க மாட்டேன்."

புனிதன் தலையாட்டினான், எதிர்பார்த்தவன் போல. "முடியலதானே?"

"முடியலன்னு சொல்லல. மாட்டேன்னு சொல்றேன். ரெண்டும் வேற வேற."

"அக்கா..."

"நான் தூக்கறதை இப்ப பாருங்க. சின்னத்தாயி, அந்தக் காலி பேலட்டை எல்லாம் கொண்டாந்து ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கு. என் இடுப்பு உயரத்துக்கு."

சின்னத்தாய் ஒரு கணம் சூப்பர்வைசரைப் பார்த்தாள். பிறகு இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டாள். பேலட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின. புஷ்பா கார்ட்டனைத் திறந்து ஆறு புட்டிகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அதை மேலே ஏற்றி வைக்கச் சொன்னாள்.

எட்டு கிலோ. நெஞ்சோடு அணைத்து எடுத்தாள். இடுப்பைத் திருகவில்லை. காலை எடுத்து வைத்து முழு உடம்போடு திரும்பினாள். லைன் மேல் வைத்தாள். எடுத்தாள். திரும்பினாள். வைத்தாள்.

மூன்றாவது தடவை காலையில் பிடித்த இடம் சுரீரென்றது. முகத்தில் காட்டிவிட்டோமோ என்று பயந்தாள். மூச்சை விட்டாள். நான்கு. ஐந்து. பத்து வரைக்கும் செய்தாள்.

"இப்படிப் போட்டா நாள் பூரா செய்வேன்," என்றாள். மேல்மூச்சு வாங்கியது. "ஆறு வாரம் கழிச்சு முழுக் கார்ட்டனும் தூக்குவேன். ஆனா தரையிலிருந்து தூக்க மாட்டேன். நான் மட்டும் இல்ல, யாருமே தூக்கக்கூடாது."

"ஒரு ஆளுக்காக லைனையே மாத்த முடியாதுக்கா."

"ஒரு ஆளா?"

அவள் மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. ஒருத்தி கையுறையைச் சரிசெய்தாள். இன்னொருத்தி தரையைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள், வாடகை, பள்ளிச் செலவு. அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. 

சின்னத்தாய்தான் முதலில் அசைந்தாள். சீருடைச் சட்டையின் கீழே கையை விட்டாள். சரக்கென்று ஒரு சத்தம். அகலமான இடுப்பு பெல்ட் ஒன்றை உருவி எடுத்து, ஓடாமல் நின்ற லைன் மேல் வைத்தாள்.

"ரெண்டு வருசமாப் போட்டிருக்கேன் சார்," என்றாள் புனிதனிடம். "தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு சொல்லல."

இன்னொரு சரக். இரண்டு பேர் தள்ளி நின்ற பெண். பிறகு இன்னொன்று.

மூன்று பெல்ட்டுகள் வரிசையாகக் கிடந்தன. திருச்செல்வம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தார்.

புனிதன் முதன்முறையாகக் குரலை உயர்த்தினான். "எல்லாரும் வேலையைப் பாருங்க! மிசஸ் புஷ்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. முடிவு திங்கட்கிழமை தெரியும்." சொல்லிக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்தான்.

யாருக்குப் போன் போட்டான் என்பது முக்கால் மணி நேரம் கழித்து, வாசலில் வந்து நின்ற அரிசி லோரியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

*

திவாகரன் குதித்திறங்கி ஓடி வந்தான். "பத்திரமா இருக்கியா? வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னான். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு..." அவளை ஏற்றிவிடக் கையை நீட்டினான்.

"கையை எடுங்க."

மூன்று படி உயரமுள்ள லோரி. ஏழு மாதமாக அதன் பக்கத்தில்கூட அவன் அவளை விட்டதில்லை. கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு காலாக வைத்து ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

அவன் ஏறி வண்டியைக் கிளப்பினான். முதல் சிக்னலில் வண்டி நின்றது.

"போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"என்னைக் கேக்காம."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"அப்போ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

 பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. விளக்குப் பச்சையாகி நெடுநேரமாகியிருந்தது.

"இருபத்தஞ்சு வருசத்துல நீங்க என்னை அடிச்சதில்ல, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல," என்றாள் புஷ்பா. "ஆனா இது இருக்கே, இது எல்லாத்தையும்விட மோசம். நான் உயிரோட இருக்கறப்பவே எனக்குப் பதிலா நீங்க பேசியிருக்கீங்க."

திவாகரன் வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினான். ஸ்டீரிங்கை விடவில்லை.

"எங்கப்பா எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியுமா?"

மாமனார் நல்லசாமியை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டவர். சாமி மேசைக்கு மேல் மாலை போட்ட படமாகத்தான் தெரியும். "நோவாக் கிடந்து போனாருன்னு சொன்னீங்க."

"எனக்குப் பன்னெண்டு வயசு. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம். செம்பனைக் குலை ஏத்திட்டிருந்தவரு குனிஞ்சாரு. அவ்வளவுதான். தூக்கிட்டு வந்து போட்டாங்க. அசையாம படுன்னாரு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. லயத்து வீட்டு முன்னறையில ஒம்பது வருசம். அம்மா பால்மர வெட்டுக்குப் போயிருவாங்க. நான்தான் பள்ளிக்கூடம் போகுமுன்ன அவரைப் புரட்டிப் போடணும். முதுகெல்லாம் புண்ணு. நான் வேகமாப் புரட்டுனா கத்துவாரு. மெதுவாப் புரட்டுனா எனக்குப் பஸ்ஸு போயிரும்."

அவன் குரலில் அழுகை இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீ காலைல கரண்டியை எடுத்தே. எனக்கு அவரு குனியறதுதான் தெரிஞ்சுது."

லோரிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒவ்வொன்றும் போகும்போது இவர்கள் வண்டி லேசாக ஆடியது. புஷ்பாவுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை. அதைப் போனதாகக் காட்ட அவளுக்கு விருப்பமில்லை.

"அவருக்கு உள்ளுக்குள்ள என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது," என்றாள். "அன்னிக்கு யாரும் சரியாப் பாத்துச் சொல்லல. எனக்குப் பாத்திருக்காங்க. கால்ல பலம் இருக்கு. நடக்கறேன். இப்ப இந்த லோரியில யார் தூக்கி விட்டா? நானேதான் ஏறினேன். நீங்க எனக்காகப் பயப்படலைங்க. அவருக்காகப் பயப்படறீங்க. பயப்படுங்க, தப்பில்ல. அதுக்காக என்னை அவரு இடத்துல படுக்க வைக்காதீங்க."

திவாகரன் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"வலிக்குதா இப்ப?" என்று கேட்டான். குரல் தணிந்திருந்தது.

"வலிக்குது. மூணு, நாலு இருக்கும். வலியோடதான் பத்துத் தடவை தூக்கினேன்."

"தூக்கினியா?" பதறித் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. திருச்செல்வம். குரலைத் தாழ்த்திப் பேசினார். எங்கோ கழிவறையில் நின்று பேசுகிறார் போலிருந்தது.

"புஷ்பா, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதே. சின்னத்தாயை ஆபீஸ்ல உக்கார வெச்சிருக்காங்க. அதே பேப்பர். ஒடம்பு சரியில்லாததை மறைச்சு வேலை செஞ்சேன்னு வேற எழுதியிருக்கு. அவ அழுதுக்கிட்டிருக்கா. கையெழுத்துப் போட்டுருவா போலருக்கு."

"போடாதேன்னு சொல்லுங்க அண்ணே."

"நான் எப்படிம்மா சொல்றது? என் வேலை..."

தொடர்பு அறுந்தது.

"லோரியைத் திருப்புங்க," என்றாள் புஷ்பா.

"இப்பவா? இன்னும் ரவாங்ல சரக்கு இறக்கணும்..."

"அவ எனக்காகத்தான் அந்த பெல்ட்டைக் கழட்டி வெச்சா. திருப்புங்க."

அவன் சைட் மிரரைப் பார்த்தான். சிக்னலைப் போட்டான். இருபுறமும் வண்டிகளை நிறுத்தி, இரண்டு தடவை முன்னும் பின்னும் போய், அந்தப் பெரிய லோரியைச் சாலையின் குறுக்கே வளைத்துத் திருப்பினான்.

தொழிற்சாலை வாசலில் அவள் கதவைத் திறந்தபோது, "நான் இங்கயே நிக்கறேன்," என்றான்.

"நீங்களும் உள்ள வாங்க."

"நான் எதுக்கு?"

"போன் பண்ணிச் சொன்னீங்கல்ல, நான் வேலையை விட்டுடறேன்னு? அதை இல்லன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். என் முன்னாடி."

திவாகரன் எஞ்சினை அணைத்தான்.

காவலாளி பதிவுப் புத்தகத்தை நீட்டியதை அவள் கவனிக்கவில்லை. நடை கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது, ஆனால் வேகமாக நடந்தாள். அவன் இரண்டடி பின்னால் வந்தான். கை தன்னால் அவள் இடுப்பைத் தாங்க எழுந்தது. பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

எச்.ஆர். அறையின் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. சின்னத்தாய் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கையில் பேனா. புனிதன் எந்த இடத்தில் போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

புஷ்பா தட்டவில்லை. கதவைத் தள்ளித் திறந்தாள்.